கரடியார் தொப்பி: பாளையங்கோட்டை வெயிலில் ஒன்றரை வருஷம்

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 45 டாலர். 2023 அக்டோபரில் நம் காசுக்கு கிட்டத்தட்ட 3,700 ரூபாய். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா என்று ஓர் ஊர்; மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் இருந்தபோது வாங்கினேன். "இந்தக் காசுக்கு நல்ல தோல் செருப்பு ரெண்டு ஜோடி எடுத்து, மிச்சத்துக்கு அல்வாவும் வாங்கியிருக்கலாம்" என்று வீட்டில் அன்றைக்கே சொன்னாள். தொப்பியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று உட்கார்ந்ததும் மறுபடி ஒருமுறை சொன்னாள். ஆகவே அந்தக் கருத்தும் இங்கே பதிவாகிறது.

பொருள் இதுதான். சின்ன விளிம்பு, உச்சியில் ஒரு பள்ளம், முன்னால் இரண்டு பக்கமும் விரலால் கிள்ளியதுபோல ஒரு ஒடுக்கு. துணி, பாலியஸ்டரும் கம்பளியும் கலந்தது. கருப்பு வெள்ளைக் கட்டம். லுங்கிக் கட்டம் மாதிரி நேர்கோடாக இருக்காது. ஒவ்வொரு கட்டத்தின் ஓரமும் பல் பல்லாக உடைந்து பக்கத்துக் கட்டத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். ஹவுண்ட்ஸ்டூத் என்கிறார்கள், வேட்டைநாய்ப் பல். சுற்றிலும் கருப்பு ரிப்பன், இடது பக்கம் சின்னதாக ஓர் இறகு. உள்ளே வியர்வைப் பட்டை, அதைப் புரட்டினால் 'சீனாவில் செய்தது' என்று ஒரு துண்டுச் சீட்டு. அளவு 58 சென்டிமீட்டர். என் தலையில் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்காருகிறது.

ஊருக்கு வந்த மறுநாள் காலை இதைப் போட்டுக்கொண்டு முருகன்குறிச்சி டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் இருந்த அண்ணாச்சி ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "என்னவே, எம்.ஜி.ஆரு ஆயிட்டீரோ?"

கேலிதான். ஆனால் அவருக்கே தெரியாமல் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். இந்தத் தொப்பி டஸ்கலூசாக்காரர்களுக்கு அப்படித்தான். ஒரு மனிதர் போட்டார், அவர் போய்ச் சேர்ந்து 40 வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் அவர் தலை இல்லாமலே தொப்பி மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவர் பெயர் பால் பிரையன்ட். ஊரே கூப்பிடுவது 'பேர்' பிரையன்ட், அதாவது கரடி. அர்கன்சாஸ் மாநிலத்தில் மோரோ பாட்டம் என்ற பட்டிக்காட்டில் 1913-ல் பிறந்தவர். சின்னப் பையனாக இருக்கும்போது பக்கத்து ஊர்க் கொட்டகைக்கு ஒருவன் கரடியைக் கொண்டுவந்து, அதோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு நிமிஷத்துக்கு ஒரு டாலர் என்று சொல்ல, இவர் இறங்கியதாகக் கதை. கரடி நிஜம், காசு மட்டும் கடைசிவரை வரவில்லையாம். நம் பக்கத்துத் திருவிழாக் கணக்கு மாதிரியே இருக்கிறது.

அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு 1958 முதல் 1982 வரை 25 வருஷம் கோச். அந்தக் காலத்துக்குள் 6 தேசிய சாம்பியன் பட்டம். அதற்கு முன் மேரிலாந்து, கென்டக்கி, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணிகள். எல்லாம் சேர்த்து 323 வெற்றி. 1981 நவம்பர் 28-ல் ஆபர்ன் அணியை அடித்து 315-வது வெற்றி எடுத்தபோது, அதுவரை இருந்த 314 என்ற சாதனை உடைந்தது. 1982 டிசம்பர் 29-ல் கடைசி ஆட்டம், அதிலும் ஜெயம். சரியாக 28 நாள் கழித்து மாரடைப்பில் போய்விட்டார்.

இதையெல்லாம் எனக்கு ஏன் தெரிந்துகொள்ளத் தோன்றியது என்றால், நான் 34 வருஷம் பி.டி. வாத்தியார். கபடி அணி என் பொறுப்பு. அவர் ஓய்வு பெற்ற அதே 1982-ல்தான் நான் வேலையில் சேர்ந்தேன். அமெரிக்க ஃபுட்பாலுக்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்தவனை எங்கே தேடுவது என்று தெரியவில்லை, கால் பந்தில் படுவதே அபூர்வம். ஆனால் கபடி பார்த்த கண்ணுக்கு அரைமணி நேரத்தில் புரிந்துவிடும். நாலு தடவைக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும்; எதிராளி கோட்டுக்கு இந்தப் பக்கமே உன்னை மடக்கிப் போடுவான். நாலு ரெய்டு, ஒரு கோடு, தொடையைப் பிடிக்கிறவன் கெட்டிக்காரன். அவ்வளவுதான். மருமகன் விதிமுறைகளை விளக்க ஆரம்பித்தபோது நான் பிடிகளைப் பற்றி அவனுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

சரி, தொப்பிக்கு வருவோம்.

வெயில். இதற்குத்தானே தொப்பி. சித்திரை மாதம் பகல் பதினொன்றுக்கு வ.உ.சி. மைதானத்தை மூன்று சுற்று வந்து பார்த்தேன். முதல் சுற்றில் கௌரவமாக இருந்தது. இரண்டாவது சுற்றில் உச்சந்தலையில் இட்லிக் கொப்பரை வைத்ததுபோல ஆவி கட்டியது. மூன்றாவது சுற்றில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். காற்றுப் போக இதில் ஒரு துளை கிடையாது. விளிம்பும் இரண்டு விரற்கடைதான், காதுக்கும் பிடரிக்கும் நிழல் விழாது. இது அக்டோபர், நவம்பர் குளிரில் மைதான ஓரம் நிற்கிறவருக்காகச் செய்த தொப்பி. அக்னி நட்சத்திரத்துக்குச் செய்ததல்ல. மணப்பாட்டில் பனையோலையில் பின்னித் தருகிறார்களே, அந்தத் தொப்பி விலையில் இதன் கால்வாசிகூட வராது, வெயிலுக்கு இதைவிடப் பத்து மடங்கு மேல். வேடிக்கை என்னவென்றால், பிரையன்டுக்குப் பின்னால் அதே அலபாமாவில் 6 பட்டம் வாங்கி 2024-ல் ஓய்வு பெற்ற கோச் நிக் சேபன் பயிற்சிக்கு வரும்போது போட்டது அகல விளிம்பு வைத்த வைக்கோல் தொப்பி. புத்திசாலி. ஆனால் அந்த வைக்கோல் தொப்பியைக் கண்ணாடியில் வார்த்து யாரும் வைக்கவில்லை. பிரையன்டின் தொப்பியை வாட்டர்ஃபோர்டு கிறிஸ்டல் என்ற உயர்ரகக் கண்ணாடியில் செதுக்கி, அவர் பெயரில் உள்ள மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். பார்த்தேன். கட்டம் கட்டமாக மின்னுகிறது.

காற்று. ஆடி மாதம் பணகுடியில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். காவல்கிணறு விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் தொப்பி தலையில் இல்லை. காற்றாலை சுற்றுகிற ஊரில் தொப்பி நிற்கும் என்று நினைத்தது என் தப்பு. ரோட்டைத் தாண்டி, கருவேல முள்ளைத் தாண்டி உருண்டு போனதை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன்தான் ஓடிப் பிடித்துக் கொண்டுவந்தான். "தாத்தா, கயிறு வச்சுக் கட்டும்" என்றான். இதுவரை வந்த யோசனைகளில் உருப்படியானது அது ஒன்றுதான். உள்பட்டையில் இரண்டு ஊசிப் பின் குத்தி நாடா தைத்திருக்கிறேன்.

மழை. குற்றாலச் சாரலில் நனைந்தது. காய இரண்டு நாள், கம்பளி நனைந்த வாடை போக ஒரு வாரம். வடிவம் கெடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருமுறை தெரியாமல் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டும் உள்ளே இருக்கிற அட்டை கலையவில்லை. இறகுதான் மூன்றாம் மாதமே போனது. பேத்தி லீவுக்கு வந்திருந்தபோது, கிடைத்த மயிலிறகு ஒன்றை வெட்டிச் சொருகிவிட்டாள். அதுமுதல் வீட்டில் இதற்குப் பெயர் முருகன் தொப்பி.

பைக்கில் போகிறவர்களுக்கு இது சுத்தமாக ஆகாது. ஹெல்மெட்டுக்கு மேலும் போட முடியாது, கீழும் போட முடியாது.

அப்படியானால் ஏன் இன்னும் போடுகிறேன்? அதற்கு டஸ்கலூசாவுக்குத் திரும்பப் போக வேண்டும்.

மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், எண்பதை நெருங்குகிறவர். சனிக்கிழமை ஆட்டம் என்றால் காலையிலேயே இந்தத் தொப்பியோடு வாசலில் நாற்காலி போட்டுவிடுவார். எனக்கு ஆங்கிலம் தட்டித்தடுமாறித்தான் வரும், அவர் பேச்சோ எனக்கு நாலில் ஒன்றுதான் புரியும். மகள் இடையில் நின்று சொல்லுவாள். 1983 ஜனவரியில் பிரையன்டின் சவ ஊர்வலம் டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் மயானத்துக்குப் போனபோது, இவர் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் மேல் நின்றாராம். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் தூரம். வழிநெடுக ரோட்டோரமும் பாலங்களின் மேலும் ஜனம். லாரிக்காரர்கள் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கி, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்கு 1987 டிசம்பர்தான் ஞாபகம் வந்தது. எம்.ஜி.ஆரைத் தொப்பியோடும் கண்ணாடியோடும் அடக்கம் செய்தது. சமாதியில் காதை வைத்தால் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கும் என்று நம் ஜனம் இன்றைக்கும் குனிந்து கேட்கிறதே, அதைப் பெரியவருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் காபி கொண்டுவந்து கொடுத்தார். அதன்பிறகுதான் எங்களுக்குள் நெருக்கம்.

அவர் சொல்லித்தான் தெரியும், பிரையன்ட் கூரை போட்ட மைதானத்துக்குள் தொப்பி போட மாட்டார். நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் ஆட்டம் நடந்தபோது வெறுந்தலையோடுதான் நின்றாராம். கூரைக்குக் கீழே தொப்பி போடக்கூடாது என்று அவர் அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம். கோயிலுக்குள் போகும்போது தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டீக்கடைக்குள் நுழைந்ததும் நானும் இப்போது தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். இன்னொரு கதையும் சொல்லுவார். டெலிபோன் கம்பெனி விளம்பரம் ஒன்றில் "இன்றைக்கு அம்மாவுக்கு போன் பண்ணினீர்களா?" என்று மட்டும் கேட்க வேண்டியவர், கேட்டுவிட்டு, "என் அம்மாவுக்குப் பேச முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று தானாகச் சேர்த்துச் சொல்லிவிட்டாராம். மகள் இதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

பிள்ளைகளுக்கு பிரையன்ட் என்று பெயர் வைத்தவர்கள் ஏராளம். அப்படிப் பெயர் வாங்கியவர்களை எல்லாம் கூப்பிட்டு அந்த மியூசியத்தில் சந்திப்பு நடத்துகிறார்கள். இடையன்குடிப் பக்கம் போய் கால்டுவெல் என்று கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று. அந்த மாதிரி.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரம் ஆகிவிடும். 1970 செப்டம்பர் 12-ல் கலிபோர்னியாவிலிருந்து யு.எஸ்.சி. என்ற தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக அணி பர்மிங்ஹாமுக்கு வந்து அலபாமாவை 42-21 என்று புரட்டிப் போட்டது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின ஆட்டக்காரர் 135 கெஜம் ஓடினார். அன்று களத்தில் இறங்கிய அலபாமா அணியில் ஒரு கறுப்பினப் பையன்கூடக் கிடையாது. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பினப் பையனை அந்த வருஷம்தான் எடுத்திருந்தார்கள். முதலாண்டு மாணவன் ஆடக்கூடாது என்பதால் அவர் வெளியே. மறு வருஷம் ஜான் மிட்செல்தான் கறுப்பின ஆட்டக்காரர்களில் முதலில் களமிறங்கினார். ஊர்க்காரர்களின் கண்ணைத் திறக்கத்தான் கரடியார் யு.எஸ்.சி.யைத் தெரிந்தே வரவழைத்தார் என்று ரசிகர்கள் சொல்லுவார்கள். இருக்கலாம். ஆனால் 1958-ல் வந்தவர். அந்த மாநிலத்தில் அவர் சொன்னால் கேட்காத ஆள் இல்லை. 12 வருஷம் எதற்குக் காத்திருந்தார் என்று பெரியவரிடம் கேட்டேன். "அப்போது காலம் அப்படி" என்றார். எங்கேயோ கேட்ட பதில். நானே சொன்ன பதில். பையன்கள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டி வந்ததையும், ஒரே ஊர்ப் பையன்கள் தெருவுக்கு ஒன்றாக இரண்டு கபடி அணி வைத்திருந்ததையும் பார்த்தும் பார்க்காத மாதிரி நான் விசில் ஊதிக்கொண்டிருந்த வருஷங்கள் உண்டு.

அடுத்தது தண்ணீர்.

1954-ல், டெக்சஸில் சேர்ந்த புதிதில், பையன்களை ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குக் கூட்டிப்போய்ப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார் பிரையன்ட். மழை பொய்த்த வருஷம், நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய வெயில், கல்லும் முள்ளுமான தரை. பயிற்சியின்போது தண்ணீர் கிடையாது. இரண்டு பஸ்ஸில் போனவர்கள் ஒரு பஸ்ஸில் திரும்பினார்கள் என்று சொல்வார்கள். மிச்சப் பேர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டார்கள். ஒரு பையன் வெயில் தாக்கி விழுந்து மயிரிழையில் பிழைத்தான். அந்த வருஷம் அணி ஜெயித்தது 1, தோற்றது 9. இரண்டு வருஷம் கழித்து ஒரு தோல்விகூட இல்லை. ரசிகர்கள் இந்த இரண்டாவது கணக்கைத்தான் சொல்லுவார்கள். பிரையன்ட் தானே 1935-ல் கால் எலும்பு முறிந்த நிலையில் டென்னசியோடு ஆடியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுவார்கள்.

1994 மே மாதம். எங்கள் பள்ளி மைதானம், பிற்பகல் மூன்று மணி. மாவட்டப் போட்டிக்கு இன்னும் பத்து நாள். தண்ணீர் குடித்தால் வயிறு கனத்துவிடும், பாடிப்போகும்போது மூச்சு நிற்காது என்று என் குருநாதர் எனக்குச் சொன்னதை நான் பையன்களுக்குச் சொன்னேன். குழாயடிக்குப் போகிறவன் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னேன். பிளஸ் ஒன் பையன், நல்ல ரெய்டர், பாடிப்போனவன் கோட்டைத் தொடவே இல்லை. நடுவிலேயே "கபடி" நின்றது. முட்டி மடிந்து, பக்கவாட்டில் சரிந்தான். நடிப்பு என்று நினைத்து நான் இரண்டு விசில் ஊதினேன் பாருங்கள், அந்த இரண்டு விசில் இன்னும் காதில் இருக்கிறது. தொட்டால் தோல் காய்ந்த ஓடு மாதிரி சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், அப்புறம் ஆஸ்பத்திரி, மூன்று நாள் டிரிப்ஸ். பிழைத்தான். அவன் அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. "சார் நல்லதுக்குத்தான் செய்திருப்பாரு" என்று மற்றவர்களிடம் சொன்னாளாம்.

மியூசியத்தில் ஜங்ஷன் கதையை வாசித்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பத்து நாளைத் தாக்குப்பிடித்த பையன்கள், அதற்குள் நரைத்துப் போனவர்கள், 1979-ல் கோச்சை அழைத்து ஒரு மோதிரம் போட்டார்கள் என்பதை மகள் எடுத்துச் சொன்னாள். எத்தனையோ சாம்பியன் மோதிரம் வாங்கியவர் சாகும்போது விரலில் இருந்தது அது ஒன்றுதானாம். அவளுக்கு அது உருக்கமாக இருந்தது. நான் தொப்பிக் கடைக்கு நடந்தேன். வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன், வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பிளஸ் ஒன் பையனுக்கு இப்போது 47 வயசு. பாளையங்கோட்டையில் தண்ணீர் கேன் போடுகிற தொழில். ஆமாம், தண்ணீர்தான், நானாக ஜோடித்தது இல்லை. எங்கள் வீட்டுக்கும் அவன்தான் 20 லிட்டர் கேன் போடுகிறான், வாரத்துக்கு இரண்டு. போன மாதம் கேனைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்து யாருடையது என்று கேட்டான். கரடியார் கதையை, ஜங்ஷன் வரைக்கும், தண்ணீர் கொடுக்காதது வரைக்கும் சொன்னேன். நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

"நம்ம கேம்ப் மாதிரியே இருக்கே சார்" என்றான் உற்சாகமாக. "நீங்க அப்படிக் கசக்கினதாலதான் அடுத்த வருஷம் சங்கரன்கோயில்ல ஃபைனல் அடிச்சோம். என் பயலுகிட்ட இப்பவும் சொல்லுவேன். இந்தக் காலத்துப் பயலுகளுக்கு அரைமணிக்கு ஒருதரம் பாட்டில் வேணும்."

"குடிக்கட்டும்லே" என்றேன். வேறு என்னவோ சொல்ல இருந்தது. அவன் அதற்குள் காலிக் கேன்களை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டான்.

மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டரை. துணி, தையல், வடிவம் நிற்பது இதற்கெல்லாம் முழு மார்க் போடலாம். வெயிலுக்குப் பூஜ்யம். இறகு ஒட்டிய பசைக்கு ஒரு மார்க் குறைத்தேன். மார்கழி காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். சித்திரைக்கு மணப்பாடு ஓலைத்தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கினால் விளிம்பு அளவைப் பார்த்து வாங்குங்கள், குழந்தைகள் போடுகிற மெலிந்த அட்டைத் தொப்பிக்கும் இதே கட்டத்தை ஒட்டி விற்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை கேன் போட வந்தவன் தொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்தான். கண் புருவம் வரைக்கும் இறங்கிவிட்டது. தனக்கும் ஒன்று வேண்டும், காசு கொடுத்துவிடுகிறேன் என்றான். மகளிடம் சொல்லியிருக்கிறேன், தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருவாள். அவனுக்கு 56 சென்டிமீட்டர் போதும்.